பனிமணி

"என் கம்பைலர்ல இதுவரைக்கும் ஒரு குறைகூட யாரும் எழுதினதில்ல, மேடம். இனிமே நான் கத்துக்க என்ன இருக்கு?"

வைத்தியலிங்கம் இதைக் கேட்டபோது பவுசியா டீ வடிகட்டிக்கொண்டிருந்தார்.

 டம்ளரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். வைத்தியலிங்கம் அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். தை மாதக் கடைசி. மலையில் அப்படி ஒரு குளிரை அவர் எதிர்பார்த்து வந்திருக்கவில்லை.

வைத்தியலிங்கம் பெரம்பூர்க்காரர். தொலைபேசிக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவில் போய்ச் சேர்ந்தார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் அதன்மேல் ஓடும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் ஒன்றாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைப்பார்களே, அதுதான் டிஸ்ட்ரோ. உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை.

அங்கே புதிதாக வந்தவர்கள் தாங்களாக எதையும் வெளியிட முடியாது. பழையவர் ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். வைத்தியலிங்கத்துக்கு அமைந்தவர் பவுசியா. ஊட்டிக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கின் மேலே வீடு. சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

குரு சீடரை 'சார்' என்றார். சீடர் குருவை 'மேடம்' என்றார். சில வருடங்கள் அப்படியே போயின. நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை.

பவுசியா அவருக்குக் கொடுத்திருந்த வேலை கிராஸ் கம்பைலர்.

மனிதர் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும்படி மாற்றித் தருவது கம்பைலர். ஒரு வகைக் கணினியில் உட்கார்ந்துகொண்டு, வேறு வகைக் கணினியில் ஓடவேண்டியதை ஆக்கித் தந்தால் அது கிராஸ் கம்பைலர். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் சின்னக் கணினிப் போர்டுகளால் அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியாது. அதனால் லேப்டாப்பில் ஆக்கி, போர்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள்.

வைத்தியலிங்கம் வருவதற்கு முன்னால் அந்த டிஸ்ட்ரோவில் கிராஸ் கம்பைலர் வேண்டும் என்றால் ஆட்கள் நாள் கணக்கில் அல்லாடுவார்கள். ஒரு துண்டை ஓரிடத்திலும் இன்னொரு துண்டை வேறிடத்திலும் தேடி எடுத்து ஒட்டவைக்க வேண்டும். பாதி நேரம் ஒட்டாது. அவர் வந்த பிறகு ஒரே ஒரு கட்டளை போதும் என்று ஆனது. பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் அதை இறக்கிக்கொண்டார்கள்.

குறை சொல்லி ஒருவரும் எழுதவில்லை. அது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சப்பென்றும் இருந்தது.

பவுசியா எதிரே உட்கார்ந்தார்.

"ஓட்டிப் பாத்தீங்களா, சார்?"

"எதை, மேடம்?"

"ஆக்கி எடுத்ததை."

வைத்தியலிங்கம் சிரித்தார். குருவுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டே விளக்கினார். கிராஸ் கம்பைலர் ஆக்கித் தருவது வேறு செயலிக்கானது, அதாவது கணினியின் வேறு வகை மூளைக்கானது. அதைத் தன்னுடைய கணினியில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. சோதனை என்று ஆரம்பித்தாலே முதல் அடியில் விழுந்துவிடும். அதனால் சோதனைகளைத் தாண்டிப் போ என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வரியைப் பவுசியாவே பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறார்.

"ஆமா," என்றார் பவுசியா. "நான்தான் ஒப்புதல் குடுத்தேன்."

டீயைக் குடித்து முடித்தார்.

"கீழ பள்ளத்துல ஒரு தோட்டம் இருக்கு. உங்க மணி அங்கதான் மாட்டியிருக்கு. காலையில போய்ப் பாக்கலாம்."

அந்த மணியின் கதை இது.

போன வருடம் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் சிலர் பவுசியாவிடம் வந்து, பனி இறங்கும் முன்னால் எழுப்பிவிடுகிற மாதிரி ஏதாவது செய்துதர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். உறைபனி விழுந்தால் உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் போய்விடும். நேரத்தில் எழுந்து தெளிப்பான் மோட்டாரைப் போட்டுவிட்டால் இலைமேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், செடி பிழைக்கும்.

பவுசியா அந்த வேலையைச் சீடரிடம் கொடுத்தார். ஒரு சின்ன போர்டு, குளிரை அளக்கும் ஒரு கம்பி, ஒரு மணி. நிரல் எழுதி, அவருடைய சொந்தக் கம்பைலரிலேயே ஆக்கி அனுப்பச் சொன்னார்.

வைத்தியலிங்கம் பனியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனாலும் சிரத்தையாகச் செய்தார். குளிர் இரண்டு டிகிரிக்கு வந்தால் மணி அடிக்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு போனாலும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஜ்யம், மைனஸ் ஒன்று, மைனஸ் பத்து என்று லேப்டாப்பில் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மணி சரியாக அடித்தது.

பிறகு அதைப் போர்டுக்காக ஆக்கி மலைக்கு அனுப்பினார்.

பவுசியா போர்டுகளைப் பெட்டிகளில் வைத்து மழைக்காலத்திலேயே வீடு வீடாக மாட்டினார். மணி அடித்தால் மோட்டாரைப் போடுங்கள், நின்றால் நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனி வைத்தியலிங்கம் வந்த ராத்திரிதான் விழுந்தது.

காலையில் பவுசியாவின் பழைய ஜீப்பில் கிளம்பினார்கள்.

வழியெல்லாம் வெள்ளை. புல், வேலிக்கம்பி, கல், எல்லாம் வெள்ளை. வைத்தியலிங்கம் மங்கி குல்லாவுக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு திருப்பத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்ப் புல்லைத் தொட்டார். விரல் நுனியில் பொடியாக உதிர்ந்தது. மனைவிக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

மேட்டிலிருந்த முதல் வீட்டு வாசலில் அந்த வீட்டுக்காரர் ஹாலன் நின்றுகொண்டிருந்தார். மணி விடிய விடிய அடித்தது, மோட்டாரை நிறுத்தவே இல்லை, செடி பிழைத்துக்கொண்டது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பவுசியா வைத்தியலிங்கத்தைக் காட்டி, மணியை எழுதியவர் இவர்தான் என்றார். ஹாலன் அவரைக் கும்பிட்டார்.

வைத்தியலிங்கத்துக்குக் குளிரே தெரியவில்லை.

ஹாலனும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். கீழே இறங்கினார்கள்.

பள்ளத்தின் அடியில் ஓடையை ஒட்டி இருந்தது பெள்ளியின் தோட்டம். குளிர் முதலில் வந்து தேங்கும் இடம் அதுதான்.

தோட்டம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடியதுபோல் இருந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாகப் பனிக்கட்டிக்குள் இருந்தது. உள்ளே பச்சை நிறம் அப்படியே தெரிந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு, மேடம்," என்றார் வைத்தியலிங்கம்.

பவுசியா எதிர்மலையைப் பார்த்தார். ஹாலனும் பார்த்தார்.

வெயில் எதிர்மலையைத் தாண்டி, சரிவில் மெல்ல இறங்கி, தோட்டத்தின் முதல் வரிசையைத் தொட்டது. பனிக்கட்டி உருகிச் சொட்டியது. சொட்டி முடித்த இலை நிமிரவில்லை. வெந்த கீரைபோல் தொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது.

வெயில் அடுத்த வரிசைக்கு வந்தது. அதுவும் கறுத்தது.

அதற்கு அடுத்ததும்.

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தபடி நின்றார். வெயில் வேண்டாம், வெயில் வேண்டாம் என்று மனதுக்குள் யாரோ சொல்வதுபோல் இருந்தது. வெயில் நிதானமாக ஓடைவரைக்கும் வந்தது. தோட்டம் முழுக்கக் கறுத்துவிட்டது.

பக்கத்தில் மணியும் இல்லாமல் தெளிப்பானும் இல்லாமல் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதுவும் கருகித்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு இல்லை. அங்கங்கே பச்சை மிச்சம் இருந்தது.

பெள்ளி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். தோளில் போர்வை. வீட்டு வாசலில் அவருடைய மருமகள் மாதி. மாதியின் கணவன் திருப்பூரில் வேலையில் இருந்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

பெள்ளி மருமகளைப் பார்த்துப் படுகமொழியில் ஏதோ சொன்னார். வைத்தியலிங்கத்துக்கு வார்த்தை புரியவில்லை. ஆனால் நல்ல வார்த்தை இல்லை என்பது புரிந்தது.

ஹாலன் தணிந்த குரலில் விளக்கினார். மணி அடித்ததும் மாதி எழுந்து மோட்டாரைப் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மணி தானாக நின்றுவிட்டது, அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன் என்கிறாள். மேலே அவருடைய வீட்டு மணி சூரியன் வரும்வரை அடித்திருக்கிறது. பள்ளத்தில் குளிர் இன்னும் அதிகம். இங்கே மட்டும் எப்படி நிற்கும்? தூக்கக் கலக்கத்தில் அவளே மணியை அணைத்திருக்கிறாள் என்கிறார் மாமனார். தண்ணீர் பாதியில் நின்றதால்தான் நனைந்த இலை அப்படியே உறைந்துபோயிற்று. தண்ணீரே விடாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் இல்லை.

மாதி அங்கிருந்தே தமிழில் சொன்னாள்.

"நான் மணியைத் தொடலைங்க. அதுவா நின்னுச்சு. நின்னா மோட்டாரை நிறுத்தணும்னுதான சொல்லிக்குடுத்தாங்க."

பெள்ளி வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் இதைச் செஞ்சவருன்னு ஹாலன் சொல்றான். நீங்களே சொல்லுங்க. இவ்வளவு குளிர்ல அது தானா நிக்குமா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நிக்காதுங்க," என்றார் வைத்தியலிங்கம். "மைனஸ் பத்து வரைக்கும் நானே சோதிச்சுப் பாத்திருக்கேன். பனி இருக்கறவரைக்கும் அது அடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

மாதி அவரை ஒரு முறை பார்த்தாள். கோபம் இல்லை. என்ன பார்வை அது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் இறங்கி, கறுத்த வரிசைகளின் ஊடே நடந்து, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பெள்ளி தலையை ஆட்டிக்கொண்டார். சேதத்தைத் தோட்டக்கலை அலுவலகத்தில் சொல்லிவிட்டு வரலாம் என்று ஹாலன் அழைத்தார். இருவரும் மேலே பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

பவுசியா வைத்தியலிங்கத்தைப் பெள்ளியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

வாசலில் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. அதன்மேல் பனி தட்டுபோல் உறைந்து கிடந்தது. பவுசியா அதைக் கல்லால் உடைத்தார். துண்டுகளை ஒரு அலுமினியச் சட்டியில் அள்ளினார். சமையல்கட்டிலிருந்து கல்லுப்பை எடுத்துவந்து அதன்மேல் கொட்டிக் கலந்தார்.

வைத்தியலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவுசியா சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றி, பாட்டரியோடு உள்ளே கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தார். குளிரை அளக்கும் கம்பியின் நுனியைச் சட்டிக்குள் செருகினார்.

இருவரும் காத்திருந்தார்கள்.

மணி அடித்தது.

வைத்தியலிங்கத்துக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா," என்று ஆரம்பித்தார்.

மணி நின்றது.

சட்டியில் பனிக்கட்டி அப்படியே இருந்தது. ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அறைக்குள் சத்தமே இல்லை.

பவுசியா கம்பியை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றினார். மணி அடித்தது. மறுபடியும் சட்டிக்குள் செருகினார்.

அடித்தது. நின்றது.

"பாட்டரி," என்றார் வைத்தியலிங்கம். அவருடைய குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

பவுசியா பாட்டரியை மாற்றிவிட்டுச் செய்துகாட்டினார். நின்றது. வேறு கம்பியைப் பொருத்திச் செய்துகாட்டினார். நின்றது.

வைத்தியலிங்கம் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். அதே நிரலை அதில் ஓட்டி மைனஸ் ஒன்று என்று கொடுத்தார். மணி அடிக்கவேண்டும் என்று திரையில் வந்தது. அதே நிரலைக் கொண்ட போர்டை லேப்டாப்போடு இணைத்து, அதற்கும் மைனஸ் ஒன்று கொடுத்து, அது என்ன எண்ணைப் படிக்கிறது என்று கேட்டார்.

போர்டு சொன்னது: இருநூற்று ஐம்பத்தைந்து.



காரணம் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவர் எழுதிய மொழியில் எண்களைப் போட்டுவைக்கச் சின்னதும் பெரிதுமாகப் பல வகை இடங்கள் உண்டு. குளிருக்கு ஒரு சின்ன எண் போதுமே என்று ஆகச் சின்னதை எடுத்திருந்தார். லேப்டாப்பின் செயலிக்கு ஆக்கும்போது அந்த இடத்தில் மைனஸ் எண்ணும் இருக்கலாம் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். போர்டின் செயலிக்கு ஆக்கும்போது மைனஸே கிடையாது என்று எடுத்துக்கொள்ளும். மைனஸ் ஒன்றை உள்ளே போட்டால் இருநூற்று ஐம்பத்தைந்தாக வெளியே வரும்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போன நொடியில், உலகத்தில் எங்கேயும் இல்லாத வெயில் அடிக்கிறது என்று அந்தப் பெட்டி நினைத்திருக்கிறது. அதனால் மணியை நிறுத்தியிருக்கிறது.

மேட்டில் ஹாலன் வீட்டில் குளிர் பூஜ்யத்தோடு நின்றுவிட்டது. அதனால் அங்கே மணி விடிய விடிய அடித்தது.

அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் எப்போதாவது ஒரு புத்தகத்தில் படித்துவிட்டுத் தாண்டிப் போவதுதான்.

அவர் லேப்டாப் திரையைப் பார்த்தபடியே பேசினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"இதுல கம்பைலர் மேல தப்பு இல்ல, மேடம். மொழியோட விதி ரெண்டையும் அனுமதிக்குது. லேப்டாப்ல ஒரு மாதிரி, போர்டுல ஒரு மாதிரி. ரெண்டுமே சரி."

"ரெண்டுமே சரியா?"

"ரெண்டுமே சரி."

"சரி, சார்," என்றார் பவுசியா.

எழுந்தார். சட்டியிலிருந்த பனிக்கட்டியை வாசலில் கொட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

குரு ஒத்துக்கொண்டார் என்று வைத்தியலிங்கம் எடுத்துக்கொண்டார். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அவர் நிரலைத் திரும்பத் திறந்தார். அதன் அடியிலேயே அவர் எழுதி வைத்த சோதனை இருந்தது. மைனஸ் ஒன்று கொடு, மணி அடிக்கிறதா பார். மைனஸ் பத்து கொடு, மணி அடிக்கிறதா பார். எல்லாம் இருந்தது. அந்தச் சோதனையைப் போர்டில் ஒரே ஒரு தடவை ஓடவிட்டிருந்தால் அன்றைக்கே கத்தியிருக்கும்.

ஓடவிடாதே என்று சொன்னது அவருடைய வரி.

அந்த வரியைத் தேடிப்போய்ப் பார்த்தார். ரொம்பச் சின்ன வரி. எழுதும்போது கை நிற்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அந்த வரியை அவர் இந்த மணிக்காக மட்டும் எழுதவில்லை. கம்பைலரோடு வந்த சோதனைகளையும் அதே வரியால்தான் தாண்டியிருந்தார்.

பிறகு அந்தப் பெண் தன்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது.

அவள் உண்மையைச் சொன்னாள். அவர் நான்கு பேர் நடுவில் நின்றுகொண்டு, அவள் சொல்வது பொய் என்று சாட்சி சொன்னார். குரலில் துளிகூட நடுக்கம் இல்லாமல் சொன்னார். வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

லேப்டாப்பை மூடினார். 

வெளியே வந்தார். ஜீப் அதே இடத்தில் நின்றது. பவுசியாவைக் காணவில்லை. கறுத்த வரிசைகளின் நடுவே நடந்தார். வெந்த செடியின் வாடை மூக்கில் ஏறியது. கால் சேற்றில் புதைந்தது.

மாதி கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

என்ன பேசுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கம்பைலர் என்று ஆரம்பித்தார். விட்டுவிட்டார். செயலி என்றார். அதையும் விட்டுவிட்டார்.

"நீ பொய் சொல்லலம்மா. மணி தானாத்தான் நின்னுச்சு. குளிர் அதிகமானா நிக்கற மாதிரி நான் செஞ்சு அனுப்பிட்டேன். தெரியாம செஞ்சேன். ஆனா தெரிஞ்ச மாதிரி உங்க மாமாகிட்டச் சொன்னேன்."

மாதி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவர் வந்ததும் நானே சொல்லிடறேன்," என்றார். "ஹாலன் முன்னாடியே சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தார். எது நடந்தாலும் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

மாதி குழாயைக் கீழே போட்டாள்.

"மாமாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாங்க," என்றாள். "மேல இருக்கற வீட்டுலயெல்லாம் இதே பொட்டிதான? நேத்தைக்கு இங்க விழுந்த பனி இன்னைக்கு மேலயும் ஏறுமே."

வைத்தியலிங்கத்துக்கு முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது.

ஹாலனின் கும்பிட்ட கை கண்முன் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும் பெட்டி வந்தது. மணி நின்றதும் மோட்டாரை அணைத்துவிட்டுப் போய்ப் படுக்கப்போகிற ஒவ்வொருவரும் வந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவருடைய கம்பைலரை யார் யார் எடுத்துப்போனார்கள் என்று அவருக்குத் தெரியாது. எந்த ஊரில், எந்தப் பெட்டிக்குள், எதைக் காவல் காப்பதற்காக எதை ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அந்தக் கம்பைலரில் தான் ஓட்டிப் பார்க்காமல் விட்டது என்னென்ன என்று அவருக்கே தெரியாது. அவர்களில் ஒருவரும் குறை சொல்லி எழுதவில்லை.

அவர் மேட்டு வீடுகளை அண்ணாந்து பார்த்தார். 

வெகுநேரம் ஆகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. தான் உள்ளே உட்கார்ந்து யார்மேல் தப்பு என்று பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க வீணாகப் போயிருந்தது. குருவிடம் கேட்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று கேட்க வேண்டும். சுற்றும்முற்றும் பார்த்தார்.

மாதி கையை நீட்டிக் காட்டினாள்.

எதிர்ச் சரிவில், உச்சிக்குப் பக்கத்தில், ஒரு வீட்டுப் படியிலிருந்து பவுசியா ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. இடுப்பில் கழற்றிய மணிப்பெட்டி ஒன்று, கையில் ஒன்று. பின்னால் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அடுத்த வீட்டு வேலியைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம்," என்று கத்தினார் வைத்தியலிங்கம்.

பவுசியா திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"நான் மேலேருந்து வர்றேன், சார். நீங்க கீழேருந்து ஆரம்பிங்க."